ஃப்ரேம்வொர்க் லேப்டாப் 13: உதிரியாக வாங்கி நீங்களே பூட்டுவது எப்படி

இந்த லேப்டாப்பைப் பூட்ட அரை மணி நேரம் போதும். அடியில் ஐந்து திருகு, உள்ளே ஒரே ஒரு கேபிள், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் இரண்டு பாகம், அழுத்தி மாட்டும் ரேம் (ஓடும் வேலைக்கான நினைவகம்), ஒற்றைத் திருகில் நிற்கும் எஸ்எஸ்டி (கோப்புகளுக்கான சேமிப்பகம்). சைக்கிள் டியூப் மாற்றத் தெரிந்தவர் யாரும் இதைச் செய்யலாம். பணம் வீணாவதும், பெட்டி செத்தே வந்துவிட்டது என்று பதறுவதும் பூட்டும் மேஜையில் நடப்பது குறைவு. ஆர்டர் போடும்போது பொருந்தாத உதிரியை வாங்குவதில் பாதித் தொல்லை. முதல் தடவை பவர் பட்டனை அழுத்திவிட்டுப் பொறுமை இழப்பதில் மீதிப் பாதி. அதனால் இந்த வழிகாட்டியில் திருகு முடுக்குவதைவிட அந்த இரண்டுக்கும் அதிக இடம்.

மெய்நிகர் காட்சிக் கருவிகள் செய்த ஆக்குலஸ் நிறுவனத்தில் பணியாற்றிய நீரவ் படேல் 2020-இல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது ஃப்ரேம்வொர்க். முதல் லேப்டாப் 2021-இல் வந்தது. பழுதுபார்க்கும் எளிமைக்காக ஐஃபிக்ஸிட் தளம் அதற்கு 10-க்கு 10 கொடுத்தது. 13.5 அங்குலத் திரை, 1.3 கிலோ எடை, 16 மில்லிமீட்டருக்குள் தடிமன். அதற்குப் பிறகு வந்த எல்லாத் தலைமுறை மதர்போர்டுகளும் (செயலி உட்கார்ந்திருக்கும் முதன்மைப் பலகை; சுருக்கமாகப் போர்டு) அதே உடலில் உட்காருகின்றன. 'டிஐஒய் எடிஷன்' (நீங்களே பூட்டிக்கொள்வது) என்று விற்கும் பதிப்பில் ரேம், எஸ்எஸ்டி, சார்ஜர், விண்டோஸ் எதையும் சேர்க்காமல் வாங்கலாம். கையில் ஏற்கெனவே ரேமோ 60 வாட் யூஎஸ்பி-சி சார்ஜரோ இருந்தால் மிச்சமாகும் தொகை சிறியதல்ல. கீழே சொல்பவை பெரும்பாலும் ஏஎம்டி செயலியோடு 2023-இல் வந்த ரைசன் 7040 வரிசைக்கும் 2025-இல் வந்த ரைசன் ஏஐ 300 வரிசைக்கும் பொருந்தும். இன்டெல் போர்டில் வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

ரேம்: தப்பு நடக்கும் முதல் இடம்

வேண்டியது லேப்டாப்புக்கான டிடிஆர்5 எஸ்ஓ-டிம், 5600 வேகம், 1.1 வோல்ட். மேஜைக் கணினி ரேம் நீளமானது, நுழையவே நுழையாது. டிடிஆர்4 ரேமில் நடுவிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றியதை 'கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்' என்று முயன்றால் சாக்கெட் உடையும். சாக்கெட் மதர்போர்டோடு பற்றவைத்தது. அது போனால் போர்டே போனது.

'எக்ஸ்எம்பி' என்று அட்டையில் எழுதியிருக்கும் கேமிங் ரேமைத் தவிர்த்துவிடுங்கள். அதன் விளம்பர வேகம் அந்தத் தனிச் சுயவிவரத்தை நம்பியிருக்கிறது; இந்தப் போர்டு அதை ஏற்காது. ஒன்று வேகம் குறைந்து ஓடும், அல்லது எழும்பவே எழும்பாது. விவரத்தாளில் 5600, சிஎல்46, 1.1 வோல்ட் என்று சாதாரணமாகப் போட்டிருக்கும் ரேம்தான் இங்கே பொருத்தம். விலையும் குறைவாகவே இருக்கும்.

இரண்டு சாக்கெட் இருக்கின்றன. ஒரே 32 ஜிபி குச்சியைவிட இரண்டு 16 ஜிபி குச்சி நல்லது. கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, அதுவும் இந்த ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒற்றைக் குச்சி என்றால் தகவல் போகும் பாதை பாதியாகிவிடும். வீடியோ தொகுப்பதிலும் விளையாட்டிலும் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். இப்போதைக்கு ஒன்று, பிறகு இன்னொன்று என்ற திட்டமானால், முதல் குச்சியை 0 என்று குறித்த சாக்கெட்டில் போடுங்கள். உச்சவரம்பு இரண்டு 48 சேர்த்து 96 ஜிபி. எழுதுவது, இணையம், அலுவலக வேலை என்றால் 16 ஜிபி ஓடும். மென்பொருள் எழுதுபவர்கள் 32-க்குக் கீழே போக வேண்டாம்.

எஸ்எஸ்டி

எம்.2 வடிவம், 2280 நீளம் (22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம்), என்விஎம்இ வகை. எம்.2 வடிவிலேயே சாட்டா என்னும் பழைய இணைப்பு வகை எஸ்எஸ்டியும் விற்கிறார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டவும் முடியும், ஆனால் பயாஸ் (கணினி எழும்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அதைக் கண்டுகொள்ளாது. முதுகில் கனமான வெப்பத்தகடு ஒட்டியதும் வேண்டாம், மூடி மூடாது. எஸ்எஸ்டி போர்டோடு பேசும் இணைப்பில் பிசிஐஇ 4.0 தலைமுறை போதும், 5.0 வாங்கினால் கூடுதல் சூடும் கூடுதல் மின்செலவுமே மிச்சம், வேகம் ஏறாது.

இதே நிறுவனத்தின் 12 அங்குல லேப்டாப்பும் 2025-இல் வந்தது. 13-க்குப் படித்ததை வைத்து அதற்கு உதிரி வாங்கிவிடாதீர்கள். அதில் ரேம் சாக்கெட் ஒன்றுதான், எஸ்எஸ்டியும் 2230 என்னும் குட்டை வகை. இருவரிசையையும் குழப்பிக்கொண்டு 2280-ஐ வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்புபவர்கள் நிறைய.

எக்ஸ்பான்ஷன் கார்டும் அதன் இடமும்

பக்கவாட்டில் நான்கு பள்ளம். ஒவ்வொன்றிலும் தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு கார்டு நுழையும்: யூஎஸ்பி-சி, யூஎஸ்பி-ஏ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட், மைக்ரோஎஸ்டி, ஹெட்ஃபோன், ஈதர்நெட், சேமிப்பகம். உள்ளே பார்த்தால் எல்லாமே ஒரு யூஎஸ்பி-சி இணைப்புக்குச் சொருகிய சிறு மாற்றிதான். இரண்டு யூஎஸ்பி-சி, ஒரு யூஎஸ்பி-ஏ, ஒரு எச்டிஎம்ஐ என்று வாங்கினால் பெரும்பாலோருக்குப் போதும். யூஎஸ்பி-சியை இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வையுங்கள். சார்ஜர் கம்பியை எந்தப் பக்கமும் மாட்டலாம் என்பது இந்த லேப்டாப்பின் தினசரிச் சுகங்களில் ஒன்று. ஈதர்நெட் கார்டு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், பையில் போடும்போது கழற்ற வேண்டும்.

இன்டெல் போர்டில் நான்கு பள்ளமும் சமம். ரைசன் 7040-இல் அப்படி இல்லை. பின்புறம், அதாவது திரை மடியும் பக்கமுள்ள இரண்டும் யூஎஸ்பி4 என்னும் வேகமான வகை. முன்புறம் இடப்பக்கம் உள்ளது சாதாரண யூஎஸ்பி 3.2, ஆனால் திரைக்கான சமிக்ஞை தரும். முன்புறம் வலப்பக்கம் உள்ளது திரை தராது. அதில் எச்டிஎம்ஐ கார்டைச் சொருகிவிட்டு 'கார்டு பழுது' என்று முடிவுகட்ட வேண்டாம், இடம் மாற்றிப் பாருங்கள். யூஎஸ்பி-ஏ கார்டைப் பின்புறப் பள்ளத்தில் வைத்தால் எதுவும் சொருகாதபோதும் மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே யூஎஸ்பி-ஏவுக்கு முன்புறம் வலப்பக்கம், எச்டிஎம்ஐக்கு முன்புறம் இடப்பக்கம், பின்னால் இரண்டு யூஎஸ்பி-சி. இந்த ஒரே வரிசை மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் ஈடுகொடுக்கும்.

பூட்டும் நேரம்

மேஜை சமமாக, வெளிச்சமாக இருக்கட்டும். கம்பளத்தின் மீதும் பட்டு விரிப்பின் மீதும் வேண்டாம், நிலைமின்சாரம் ஏறும். தொடங்குமுன் மண்ணிணைப்பு உள்ள ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிடுங்கள். சார்ஜரை இப்போது கிட்டத்திலேயே கொண்டுவராதீர்கள். எல்லாம் மூடிய பிறகுதான் அதற்கு வேலை.

கருவி பெட்டியிலேயே வருகிறது. அந்த ஸ்க்ரூடிரைவரின் முனையை இழுத்துத் திருப்பிச் சொருகினால் ஒரு பக்கம் டி5 நட்சத்திர முனை, மறுபக்கம் சாதாரணக் குறுக்கு முனை. கைப்பிடியின் மறுகோடி நெம்புவதற்கான தட்டை முனை. வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாகத்தின் மேலும் பெயரும் க்யூஆர் குறியீடும் அச்சிட்டிருக்கும். சந்தேகம் வந்தால் செல்பேசியில் அதைப் படித்தால் அந்தப் பாகத்துக்கான பக்கமே திறக்கும்.

இப்போது வரும் டிஐஒய் பெட்டிகளில் விசைப்பலகை மூடியும் திரைச் சட்டமும் தனித்தனியாக இருக்கும், மதர்போர்டு திறந்தபடி தெரியும். மூடி ஏற்கெனவே மாட்டி வந்திருந்தால் லேப்டாப்பைக் கவிழ்த்து ஐந்து திருகையும் தளர்த்துங்கள். அவை முழுதாக வெளியே வராது, உடலிலேயே நின்றுகொள்ளும் வகை. வரவில்லையே என்று இழுக்க வேண்டாம். எல்லாம் தளர்ந்ததும் நிமிர்த்தி, திரையை விரித்து, மூடியின் ஓரத்தைப் பிடித்து இரண்டு விரல் உயரம் மட்டும் தூக்குங்கள். அடியில் கேபிள் இருக்கிறது. அவசரப்பட்டு மூடியைப் படக்கென்று தூக்குவதில்தான் அது கிழிகிறது.

முதலில் ரேம். குச்சியின் வெட்டும் சாக்கெட்டின் முளையும் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்க நிறப் பற்கள் ஏறக்குறைய மறையும்வரை போக வேண்டும். பிறகு மேற்புறத்தைக் கீழே அழுத்தினால் இரு பக்கக் கம்பிகளும் விலகிப் பிடித்துக்கொள்ளும், 'க்ளிக்' என்று காதுக்குக் கேட்கும். முழுதாகத் தள்ளாமல் அழுத்தினாலும் சில சமயம் கம்பி பிடித்துக்கொள்ளும். ஏமாறும் இடம் அதுதான். அழுத்திய பிறகு பற்களின் வரிசையைப் பாருங்கள்: தங்கக் கோடு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் தெரிந்தால் குச்சி கோணலாக உட்கார்ந்திருக்கிறது. கழற்றி மறுபடி போடுங்கள். திரை வராத புகார்களில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதுவே.

எஸ்எஸ்டிக்கும் அதே சாய்வு. உள்ளே தள்ளியதும் மறுகோடி தானாக மேலெழுந்து நிற்கும். விரலால் படுத்தி, திருகை முடுக்குங்கள். திருகு நின்ற பிறகு இன்னொரு கால் சுற்று வேண்டாம்.

திரைச் சட்டம் காந்தத்தில் ஒட்டுவது. மேலே கேமரா இருக்கும் இடத்தைப் பொருத்தி, அங்கிருந்து இரு பக்கமாக விரலால் வருடிக்கொண்டே இறங்குங்கள். கீழ்ப்பகுதியில் திரை கேபிளும் கேமரா கேபிளும் போகின்றன, சட்டத்தின் ஓரத்தில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்த வேண்டாம். கேமராவின் பக்கத்தில் இரண்டு சிறு நகர்விசைகள் உண்டு: ஒன்று கேமராவை, மற்றது மைக்கை மின்சார அளவிலேயே துண்டிக்கும். சட்டம் மாட்டும்போது அவை தவறுதலாகத் தள்ளப்பட்டுவிடலாம். 'கேமரா வேலை செய்யவில்லை' என்று டிரைவரை (பாகத்தை இயக்கும் மென்பொருளை) தேடுமுன் இதைப் பாருங்கள்.

அடுத்தது அந்த ஒரே கேபிள். விசைப்பலகை மூடியின் அடியில் டச்பேடிலிருந்து ஒரு தட்டைக் கேபிள் புறப்பட்டு மதர்போர்டுக்கு வருகிறது. விசைப்பலகை, டச்பேட், கைரேகையோடு சேர்ந்த பவர் பட்டன் மூன்றும் இந்த ஒன்றின் வழியாகத்தான் பேசுகின்றன. மூடியை லேப்டாப்பின் முன்விளிம்பில் சாய்த்து வைத்து, கேபிளின் முனையை மதர்போர்டின் இணைப்பி மேல் சரியாக இருத்தி, நேர் மேலிருந்து விரல்நுனியால் அழுத்துங்கள். மெல்லிய அழுத்தத்திலேயே உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் இடம் தப்பு. பலத்தைக் கூட்டாமல் எடுத்து மறுபடி இருத்துங்கள். கழற்ற நேர்ந்தால் கம்பியைப் பிடிக்காமல் அதிலுள்ள இழுவைப் பட்டையைப் பிடித்து நேர் மேலே தூக்குங்கள்.

மூடியை இறக்கினால் காந்தம் தானாக இழுத்து இடத்தில் வைக்கும். எல்லா ஓரமும் சமமாக இருக்கிறதா என்று விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரையை மூடி, கவிழ்த்து, ஐந்து திருகையும் முடுக்குங்கள். ஒரே திருகை முழுதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் பாதி ஏற்றிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக இறுக்குங்கள். டி5 தலை சிறியது. முனை ஆழமாக இறங்காமல் சுற்றினால் நட்சத்திரம் தேய்ந்து வட்டமாகிவிடும், அடுத்த முறை திறப்பது பெரும்பாடு. கடைசியாக எக்ஸ்பான்ஷன் கார்டுகளை 'க்ளிக்' வரும்வரை தள்ளுங்கள்.

முதல் முறை எழும்புவது

பேட்டரி உறக்க நிலையில் அனுப்பப்படுகிறது. சார்ஜரைச் சொருகினால்தான் விழிக்கும். சார்ஜர் பக்கத்து விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிகிறதா என்று பாருங்கள், பிறகு பவர் பட்டனை அழுத்துங்கள்.

திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு நிமிடம் போகும், இரண்டு, மூன்று நிமிடம் போகும். இது பழுது இல்லை. டிடிஆர்5 ரேமை முதல் முறை சந்திக்கும் போர்டு, ஒவ்வொரு பாதையிலும் சமிக்ஞை எவ்வளவு தாமதமாக வந்து சேர்கிறது என்று அளந்து, அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ரேம் அளவு கூடக்கூட நேரமும் கூடும். நடுவில் பொறுமையிழந்து பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால் அந்த அளந்துபார்க்கும் வேலை முதலிலிருந்து தொடங்கும். மூன்று தடவை அணைத்தவர் மூன்று தடவையும் கறுப்புத் திரையைத்தான் பார்ப்பார். பட்டனை அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து போய்விடுங்கள். ரேம் மாற்றும்போதும், சில பயாஸ் புதுப்பிப்புக்குப் பிறகும் இதே காத்திருப்பு மறுபடி வரும்.

பத்து நிமிடத்துக்கு மேலும் ஒன்றும் இல்லை என்றால், நடப்பதை வைத்துப் பிரித்துப் பாருங்கள். பட்டனை அழுத்தியும் விளக்கு எரியவில்லை, விசிறி சுற்றவில்லை: டச்பேட் கேபிள் சரியாக உட்காரவில்லை, அல்லது சார்ஜர் போதவில்லை. செல்பேசியோடு வந்த சிறிய சார்ஜரில் முயல வேண்டாம். விளக்கு எரிகிறது, திரை மட்டும் இல்லை: ரேமைக் கழற்றி ஒரே குச்சியை 0 சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், அதுவும் இல்லை என்றால் மற்றக் குச்சி. இரண்டு குச்சியிலும் தனித்தனியே எழும்பி, சேர்த்தால் மட்டும் எழும்பவில்லை என்றால் 1 சாக்கெட்டில் இருக்கிறது சிக்கல். பக்கவாட்டு விளக்கு பல நிறத்தில் விட்டுவிட்டு மின்னினால் அது தானே சொல்லும் நோய்க்குறிப்பு: எந்தச் சோதனை தேறியது, எது தேறவில்லை என்று வரிசையாகக் காட்டுகிறது. வேகமாகப் போகும், கண்ணால் எண்ண முடியாது. செல்பேசியில் காணொளியாக எடுத்துக்கொண்டு, நிறுவனத்தின் விளக்குக் குறியீட்டுப் பட்டியலோடு நிதானமாக ஒப்பிடுங்கள். உதவி கேட்டு எழுதும்போதும் அந்தக் காணொளியைச் சேர்த்தால் இரண்டு மூன்று சுற்றுக் கேள்வி மிச்சம்.

எழும்பியதும் எஃப்2 அழுத்தினால் பயாஸ், எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல். பயாஸில் ரேமின் மொத்த அளவும் எஸ்எஸ்டியின் பெயரும் தெரிகின்றனவா என்று பாருங்கள். இயங்குதளம் போடுமுன் ஒரு யூஎஸ்பி பென் டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் மென்பொருளை ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுவது நல்ல வழக்கம். குறையுள்ள ரேம் கடைக்காரர் மாற்றித்தரும் காலத்துக்குள் பிடிபட வேண்டும். பிறகு பிடிபட்டால், என்றோ ஒரு நாள் காரணமில்லாமல் லேப்டாப் உறைவதாக மட்டுமே அது தெரியும்.

விண்டோஸா லினக்ஸா

விண்டோஸ் 11 நிறுவும்போது எல்லோரும் மோதும் சுவர் ஒன்று உண்டு. நிறுவல் நடுவில் இணையம் கேட்கும். ஆனால் இந்த வைஃபை சிப்புக்கான டிரைவர் விண்டோஸ் நிறுவல் கோப்பில் இருக்காது. இணையம் இல்லாமல் அடுத்த பக்கம் போகவும் விடாது. தயாராகப் போனால் இது இரண்டு நிமிட வேலை. ஃப்ரேம்வொர்க் தரும் டிரைவர் தொகுப்பு ஒரே கோப்பாக வருகிறது. அதை நிறுவல் யூஎஸ்பியிலேயே நகலெடுத்து வையுங்கள். அந்தத் திரை வந்ததும் ஷிஃப்டையும் எஃப்10-ஐயும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும், அங்கிருந்து அந்தக் கோப்பை ஓட்டுங்கள். வேறு வழி: ஆண்ட்ராய்டு செல்பேசியைக் கம்பியால் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டு அதன் இணையத்தைப் பகிர்வது. யூஎஸ்பி தயாரிக்கும்போதே ரூஃபஸ் மென்பொருளில் இணையக் கணக்குக் கட்டாயத்தை நீக்கிவிடுவதும் உண்டு. யூஎஸ்பி குறைந்தது 8 ஜிபி.

லினக்ஸ் வகைகளில் உபுண்டு, ஃபெடோரா இரண்டுக்கும் நிறுவனமே ஆதரவு தருகிறது. அண்மைப் பதிப்பை எடுத்தால் வைஃபை, ஒலி, கைரேகை எல்லாம் முதல் தொடக்கத்திலேயே ஓடும். மூன்று நான்கு ஆண்டு பழைய பதிப்பை ஏற்றிவிட்டு லேப்டாப்பைக் குறை சொல்ல வேண்டாம். கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) இந்தச் சிப்பைவிட வயதானதாக இருந்தால் ஓடாது. ரைசன் போர்டில் மின்சேமிப்புக்கு இயங்குதளத்தோடு வரும் பவர் ப்ரொஃபைல்ஸ் வசதியையே வையுங்கள். பழைய பழக்கத்தில் டிஎல்பி என்னும் தனி மின்சேமிப்பு மென்பொருளைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று மல்லுக்கட்டும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சேதி. இந்த லேப்டாப்புக்கு எழுத்தே அச்சிடாத வெற்று விசைப்பலகையும் விற்கிறார்கள். தமிழ்99-இல் விரல் பழகியவருக்கு ஆங்கில எழுத்து அச்சிட்ட விசை எப்படியும் தேவையில்லை. அந்த வெற்றுப் பலகை நன்றாகவே பொருந்துகிறது. தமிழ்99 விண்டோஸ் 11-இலேயே இருக்கிறது, லினக்ஸில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் வழியாக எம்17என் என்னும் பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்த்தால் கிடைக்கும்.

நிறுவியதும் செய்ய வேண்டிய இரண்டு

முதலாவது பயாஸ் புதுப்பிப்பு. சார்ஜர் சொருகியிருக்க வேண்டும், பேட்டரியிலும் தாராளமாக மின்சாரம் இருக்க வேண்டும். நடுவில் திரை அணைந்து அணைந்து வரும், தொடாதீர்கள்.

இரண்டாவது பேட்டரி உச்சவரம்பு. லேப்டாப் பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடு இருக்கும் என்றால் பயாஸில் சார்ஜ் எல்லையை 80 சதவீதமாக வையுங்கள். லித்தியம் பேட்டரியை எப்போதும் 100-இல் சூட்டோடு நிறுத்தி வைப்பதுதான் அதன் ஆயுளைத் தின்பது. பயணத்துக்கு முந்தைய இரவு எல்லையை எடுத்துவிட்டால் போதும். ரைசன் போர்டில் விளையாடுபவர்கள் அதே பயாஸில் கிராஃபிக்ஸுக்கு ஒதுக்கும் நினைவகத்தைக் கேமிங் என்பதற்கு மாற்றலாம். 16 ஜிபிக்குக் கீழே ரேம் உள்ளவர்கள் அதைத் தொட வேண்டாம்.

வைத்து ஓட்டினால் எப்படி இருக்கிறது

அகலத்துக்கு உயரம் 3:2 என்றிருக்கும் இந்தத் திரை பழகிவிட்டால் 16:9-க்குத் திரும்புவது கடினம். பக்கம் நீளமாகத் தெரிகிறது, எழுதுவதற்கும் நிரல் படிப்பதற்கும் அருமை. ஆனால் 2256×1504 திரை, இயங்குதளத்தின் காட்சிப் பெரிதாக்கம் 100 சதவீதத்தில் இருந்தால் எழுத்தைப் பொடியாகக் காட்டும், 200-இல் இடம் போதாது. 150-தான் சரி, அந்தப் பின்ன அளவில் லினக்ஸில் சில பழைய செயலிகள் மங்கும். 2024-இல் சேர்த்த 2880×1920 திரையில் 200 வைத்தால் எல்லாம் கூர்மையாக வரும், 120 ஹெர்ட்ஸும் உண்டு. லினக்ஸ்காரர்கள் கூடுதல் பணம் கொடுத்து அதையே எடுங்கள். அதன் மூலைகள் வளைந்திருக்க, சட்டத்தின் மூலைகள் சதுரமாக இருக்கும். முதல் நாளில் கண்ணில் படும்.

விசைப்பலகை 1.5 மில்லிமீட்டர் இறங்குகிறது, இந்தத் தடிமனில் இவ்வளவு கிடைப்பது அரிது. ஒலிபெருக்கி சுமார். கனமான வேலையில் விசிறி சத்தமாகவே சுற்றும். ஒற்றை விசிறி என்பதால் அதில் தப்பிக்க முடியாது. பேட்டரி 7040-இல் செயலியைப் பொறுத்து 55 அல்லது 61 வாட்-மணி. மேலே சொன்ன கார்டு இடத்தைச் சரியாக வைத்தவருக்கும் வைக்காதவருக்கும் வேறுபாடு அதிகம் தெரிவது மூடிவைத்த நிலையில்தான். இந்தச் செயலிகளில் பழைய ஆழ்ந்த உறக்கம் கிடையாது. மூடினாலும் அரைத்தூக்கத்தில் மின்சாரம் கரையும். இரவில் மூடினால் காலையில் கணிசமாகக் குறைந்திருந்தால், முதலில் எச்டிஎம்ஐ கார்டை உருவிப் பாருங்கள். பழைய தலைமுறை எச்டிஎம்ஐ கார்டு சும்மா இருக்கும்போதும் இழுக்கும். மூன்றாம் தலைமுறையில் அதைக் குறைத்திருக்கிறார்கள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் ஹைபர்னேட் (நிலையை எஸ்எஸ்டியில் சேமித்து முழுதாக அணைவது) அமைத்துக்கொள்வதே வழி.

7040 போர்டோடு வரும் ஆர்இசட்616 வைஃபை கார்டு சிலருக்குத் திருப்தி தருவதில்லை. மாற்றுவதானால் இன்டெல் ஏஎக்ஸ்210 வாங்குங்கள். ஏஎக்ஸ்211 என்று ஒன்று விலை குறைவாகக் கிடைக்கும். அது இன்டெல் செயலியோடு மட்டுமே பேசும் வகை, ரைசனில் உயிரற்ற தகடு. மாற்றும்போது உயிர்நிலை அந்த இரண்டு ஆன்டெனா கம்பிகள். முனை அரிசி மணியைவிடச் சிறியது. கழற்ற, நெம்பும் தட்டை முனையைக் கம்பியின் தலைக்கு அடியில் கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். மாட்ட, வளையத்தை முளையின் மேல் வைத்து, விரல்நுனியால் அங்குமிங்கும் லேசாக உருட்டி, சரியாக இருக்கிறது என்று உணர்ந்த பிறகு மட்டும் அழுத்துங்கள். சாய்வாக அழுத்தினால் நடுமுளை மடங்கும், பிறகு கார்டை எறிய வேண்டியதுதான்.

பழைய 2021 லேப்டாப்பைச் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இரண்டைக் கவனியுங்கள். 11-ஆம் தலைமுறை இன்டெல் போர்டில் கடிகாரத்துக்கான நாணயப் பேட்டரி சார்ஜ் ஆகும் வகை. நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் அது வற்றி, போர்டே எழும்ப மறுக்கும். சார்ஜரைச் சொருகி ஒரு முழு நாள் விட்டுவிட்டுப் பிறகு முயலுங்கள். அடுத்தது திரையின் கீல்: முதலில் வந்தவை 3.3 கிலோ கீல்கள் (எண் குறிப்பது கீலின் எடையை அல்ல, இறுக்கத்தை). மடியில் வைத்து ஆட்டினால் திரை மெல்லச் சாய்ந்துவிடும். 4 கிலோ கீல் தனியாக விற்கிறார்கள், சில திருகுகளில் மாற்றிவிடலாம்.

மதர்போர்டை மாற்றும்போது

அந்த 2021 உடலிலேயே ரைசன் ஏஐ 300 போர்டை உட்கார வைக்கலாம். பழைய ரேம் மட்டும் போகாது, டிடிஆர்5 வாங்க வேண்டும். எஸ்எஸ்டி, திரை, பேட்டரி, விசைப்பலகை, கார்டுகள் அப்படியே வரும். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், அதற்குப் பிறகே மற்றவை: ஆன்டெனா, திரை, கேமரா, ஒலி, பிறகு திருகுகள். எல்லா எக்ஸ்பான்ஷன் கார்டையும் வெளியே எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் போர்டு பக்கவாட்டில் மாட்டிக்கொண்டு வராது. மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக, பேட்டரி கடைசியில்.

கழற்றிய போர்டைப் பரணில் போட வேண்டாம். யூஎஸ்பி-சி சார்ஜர் இருந்தால் பேட்டரியும் திரையும் இல்லாமலே அது ஓடும். கூலர் மாஸ்டர் இதற்கென்றே ஒரு சிறிய பெட்டி செய்து விற்கிறது, வீட்டுக் கோப்புச் சேமிப்பகமாகவோ பிள்ளைகளின் மேஜைக் கணினியாகவோ வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனியாக ஓடுவதற்கான 'ஸ்டாண்ட்அலோன் ஆபரேஷன்' என்ற அமைப்பு பயாஸில் இருக்கிறது. போர்டு இன்னும் பழைய உடலுக்குள், திரையும் விசைப்பலகையும் இணைந்திருக்கும்போதே அதை இயக்கிவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.